சரிபண்ணும் இடமா பள்ளிக்கூடம்?

(பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களின் ஆசிரியர்கள், பெற்றோர்கள், கிராமத்தார் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் வரும் இடங்களுக்குப் பாடு என்னும் முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறைவைத்து அந்தப் பாட்டைப் பிரித்துக்கொள்கின்றன. இன்றைக்கு யார் எங்கே இறங்குவது என்பதில் தகராறு வந்தால் கிராமத்தார் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்னொன்றும் தெரியும். இந்தக் கரையின் பட்டினவர் ஊர்களில் கணக்கு ஆள்கணக்கில் போவதில்லை, தலைக்கட்டுக் கணக்கில்தான் போகும். கோயில் வரி, திருவிழாச் செலவு, ஊர்ப் பங்கு எல்லாமே தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான். தலைக்கட்டு என்றால் வழக்கமாகக் கல்யாணம் ஆன ஆணின் குடும்பம்.

இன்றைய பேச்சு தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளைப் பற்றியது. அதைப் பாட்டிலும் தலைக்கட்டிலும் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. குப்பத்தில் வளரும் ஒரு பையனைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். அவன் யார் என்று இந்தச் சபையில் யாரும் தேட வேண்டாம். பதினைந்து வயதில் அவனுக்குத் தன்னைப் பற்றி ஒன்று தெரியவருகிறது: கூட்டாளிகள் பெண்களைப் பற்றிப் பேசும்போது தனக்கு அதில் மனம் போகவில்லை, தன் மனம் போவது பையன்கள் பக்கம். அவன் அப்பா அம்மாவின் அடிக்கு மட்டும் பயப்படுவதாக நினைத்துவிடாதீர்கள். பட்டணத்தில் ஒருவன் கல்யாணம் வேண்டாம் என்றால் அது அவன் வீட்டுச் சண்டையோடு போய்விடும். இங்கே கல்யாணம்தான் ஊரில் அவனுக்கு ஒரு கணக்கைத் திறந்துவிடுகிறது. கல்யாணம் இல்லையென்றால் தலைக்கட்டு இல்லை, ஊர்ப் பேச்சில் இடம் இல்லை. அப்பாவோடு படகில் போகலாம், தம்பிக்கு உதவியாக வலை இழுக்கலாம், அவ்வளவுதான். இத்தனையும் பதினைந்து வயதிலேயே அவன் தலையில் ஓடும். மீனவப் பிள்ளைகளுக்குக் கணக்கு சீக்கிரமே வரும்.

இந்தப் பையனை ஊர் என்ன செய்யும்? முதலில் கேலி செய்யும். அடுத்து, "ஹாஸ்டல்ல போடு, சரியாயிடுவான்" என்று யாராவது ஒரு மாமா யோசனை சொல்வார். கன்னியர் நடத்தும் பள்ளியோ, சுவாமிமார் விடுதியோ, மதரசாவோ, கட்டுப்பாடான மத நிறுவனத்தில் சேர்த்தால் பிள்ளை நிமிர்ந்துவிடுவான் என்பது நம்மிடம் ஆழமாகப் பதிந்த நம்பிக்கை. ரிப்பேர் கடையில் டிரான்சிஸ்டரை விட்டுவிட்டு வருவதுபோல் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறோம்.

ஷியாம் செல்வதுரை 1994ல் எழுதிய 'ஃபன்னி பாய்' நாவலில் இது அப்படியே இருக்கிறது. கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன் அர்ஜி சின்ன வயதில் அத்தை மாமா பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடுகிறான். எப்போதும் அவன்தான் மணப்பெண், சேலை கட்டிக்கொள்வான். பெரியவர்கள் பார்த்துவிட்டு அந்த விளையாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். வளர்ந்த பிறகு அப்பா அவனைப் பள்ளி மாற்றுகிறார். பிரம்புக்குப் பேர்போன தலைமையாசிரியர் உள்ள பள்ளி. அங்கே போனால் ஆம்பளையாகிவிடுவான் என்பது அப்பாவின் கணக்கு. ஆனால் அந்தப் பள்ளியில்தான் அர்ஜிக்கு ஒரு நண்பன் கிடைக்கிறான், காதலும் அங்கேதான் தெரியவருகிறது. கடைசியில் பரிசளிப்பு விழா மேடையில் தலைமையாசிரியர் ஆசையோடு ஒப்படைத்த கவிதைகளை வேண்டுமென்றே உளறிக் கொட்டுகிறான். திருத்துவதற்கென்று அனுப்பப்பட்ட பிள்ளை அங்கே தன்னைத் தெரிந்துகொண்டு வெளியே வருகிறான். 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குக் குடிபெயர்ந்த எழுத்தாளர், அதே கலவரத்தின் பின்னணியில் எழுதிய கதை இது.

கதையில் சரி, நிஜப் பள்ளியில் என்ன நடக்கிறது? யுனெஸ்கோவும் சென்னையின் சகோதரன் அமைப்பும் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு ஒன்று 2019ல் வெளிவந்தது. தன்பாலீர்ப்புள்ளவர், திருநர் உள்ளிட்ட பால்புதுமை இளைஞர்கள் 371 பேரிடம் பள்ளிக் காலத்தைப் பற்றிக் கேட்டார்கள். நடுநிலை, உயர்நிலைப் பள்ளி வயதில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாக ஏறத்தாழ 60 சதவீதம் பேர் சொன்னார்கள். பள்ளி நிர்வாகத்திடம் போய்ச் சொன்னவர்களோ ஐந்தில் ஒருவர்கூட இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று ஆசிரியர்களுக்குத் தெரியாதா? "ஒன்பது" என்றும் "பொட்டை" என்றும் வகுப்பில் ஒருவன் கத்தும்போது சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளும் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளை போய்ச் சொல்லும்? போய்ச் சொன்னாலும் பெரும்பாலும் வரும் பதில், "நீ ஒழுங்கா நடந்தா அவன் ஏன் சொல்லப்போறான்?"

இனி உண்மையில் நடந்த ஒரு கதை. 1947ல் மும்பையில் பிறந்தவர் அசோக் ராவ் கவி. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ராமகிருஷ்ண மிஷனில் துறவியாகப் பயிலச் சேர்ந்தார். அங்கே சமயக் கல்வி பெற்றார். காவி உடுத்திக்கொண்டால் தன்னைத் துரத்தும் கேள்வியிலிருந்து தப்பிக்கலாம் என்று மடத்துக்கும் செமினரிக்கும் போகும் இளைஞர்கள் எல்லா மதத்திலும் உண்டு. அந்த மடத்தில் அவருக்கு ஒரு மூத்த துறவி வாய்த்தார், சுவாமி ஹர்ஷானந்தர். சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் பெங்களூரு ராமகிருஷ்ண மடத்தின் தலைவரானவர், இந்து சமயக் கலைக்களஞ்சியத்தை மூன்று தொகுதிகளாக எழுதி முடித்தவர். அவர்தான் அசோக்கை மடத்தை விட்டு வெளியே போய்த் தன் இயல்போடு வாழும்படி ஊக்கப்படுத்தினார். சாத்திரம் தெரியாததால் அப்படிச் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது.

வெளியே வந்த அசோக் பத்திரிகையாளர் ஆனார். 1986ல் 'சேவி' இதழில் தன் தன்பாலீர்ப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அந்தக் காலத்து இந்தியாவில் பேரும் முகமுமாக அப்படிப் பேசியவர்கள் அபூர்வம். 1990ல் 'பாம்பே தோஸ்த்' இதழைத் தொடங்கினார். 1994ல் ஹம்சஃபர் அறக்கட்டளை. மும்பையில் எய்ட்ஸ் பரவிய நாட்களில் ஆண்களிடையே விழிப்புணர்வுக்கு முன்னின்றது அந்த அமைப்பு. இத்தனைக்கும் அடியில் ஒரு மடத்துத் துறவி கொடுத்த தைரியம் இருக்கிறது.

தன்னை ஏற்றுக்கொள்வது ஒரு பிள்ளை தனியாக அறையில் உட்கார்ந்து முடித்துவிடும் வேலை என்று நாம் நினைக்கிறோம். அசோக்கின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. மதிப்புக்குரிய ஒரு பெரியவர் முகம் சுளிக்காமல் ஒருமுறை கேட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பெரியவர் மத நிறுவனத்துக்குள்ளேயே இருந்தால் இன்னும் பலம், ஏனென்றால் பிள்ளையின் பயத்தில் பெரும்பங்கு கடவுள் பயம்.

"அப்படியானால் வேதத்தை மாற்றச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. இங்கே பேசப்படுவது இறையியல் வாதம் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை தன்பால் உறவை ஏற்பதில்லை; 1992ல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு அதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அதே ஏடு, அதே பகுதியில், இப்படிப்பட்டவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தும் எந்தச் செயலும் கூடாது என்றும் சொல்கிறது. முதல் பாதியை மனப்பாடமாக வைத்திருக்கும் பலருக்கு இரண்டாம் பாதி தெரியாது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 377ஆம் சட்டப் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தபோது, மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், திருச்சபை இவர்களை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்று அறிவித்தார். 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸும் இது குற்றம் அல்ல என்று பேட்டியில் சொன்னார். மகிமை மாதா கோயில் மணியோசை கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்தச் செய்திகள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பள்ளிவாசல் பக்கமும் ஒரு வார்த்தை. மார்க்கச் சட்டம் இதை அனுமதிப்பதில்லை என்று ஆலிம்கள் சொல்வது எல்லாருக்கும் தெரியும். பிறர் அந்தரங்கத்தைத் துருவாதீர்கள், புறம் பேசாதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்பதும் குர்ஆனின் கட்டளைதான். இந்த மூன்றை மட்டும் கடைப்பிடித்தால் எந்த மதரசாவிலும் ஒரு பையன் நிம்மதியாகப் படித்து முடிக்கலாம்.

மத நிறுவனம் தானாக இறங்கி வராத இடத்தில் என்ன ஆகும்? கனடாவைப் பாருங்கள். டொராண்டோவுக்குக் கிழக்கே ஓஷவா என்ற ஊரில் அரசுப் பணத்தில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளி. 2002ல் அங்கே படித்த பதினேழு வயது மார்க் ஹால், இறுதியாண்டு நடன விருந்துக்குத் தன் காதலனை அழைத்துவர அனுமதி கேட்டான். பள்ளி மறுத்தது, வாரியமும் மறுத்தது. பையன் நீதிமன்றம் போனான். மே 10ஆம் தேதி, விருந்து நடக்க இருந்த அதே நாளில், நீதிபதி ராபர்ட் மெக்கினன் பள்ளியின் மறுப்புக்குத் தடையாணை கொடுத்து அனுமதி அளித்தார். அன்று இரவு இருவரும் விருந்துக்குப் போனார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2011ல் மிசிசாகாவில் வேறொரு கத்தோலிக்கப் பள்ளி மாணவி, இப்படிப்பட்ட பிள்ளைகளும் அவர்களுக்குத் துணை நிற்கும் நண்பர்களும் கூடிப் பேச ஒரு குழு வேண்டும் என்றாள். நிர்வாகம் தடுத்தது. வானவில் படமும் கூடாது என்றது. பிள்ளைகள் சளைக்கவில்லை, வானவில் நிறங்களைக் கேக்குக்குள் கலந்து சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள்! அடுத்த ஆண்டு, 2012 ஜூனில், ஒன்டாரியோ சட்டமன்றம் சட்டமே இயற்றியது. கத்தோலிக்கப் பள்ளியானாலும் மாணவர்கள் கேட்டால் அந்தக் குழுவை அனுமதிக்க வேண்டும். பேராயர் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. ஸ்கார்பரோ பக்கத்தில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்தச் சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கனடா தூரம் என்றால் சென்னைக்கு வருவோம். 2021ல் மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் ஓடிவந்து சென்னையில் அடைக்கலம் புகுந்தார்கள். ஒருவரை ஒருவர் நேசித்தவர்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேட, பாதுகாப்புக் கேட்டு வழக்கு உயர் நீதிமன்றம் போனது. விசாரித்தவர் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். அவர் பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகரின் அறிக்கையில் ஒரு வரிச் செய்தி நெஞ்சைத் தைக்கும்: மகள்கள் ஒரு பெண்ணோடு வாழ்வதைவிடக் காலமெல்லாம் தனிக்கட்டையாக இருப்பதே கௌரவம் என்று பெற்றோர் கருதினார்கள்.

அதற்கு அடுத்து நீதிபதி செய்ததுதான் இந்தியாவே திரும்பிப் பார்த்த செயல். தனக்கு இந்த விஷயத்தில் முழுத் தெளிவு இல்லை, தன்னிடமும் பழைய எண்ணங்கள் இருக்கின்றன என்று ஆணையிலேயே எழுதினார். தீர்ப்புக்கு முன் தனக்கும் ஆலோசனை அமர்வு வேண்டும் என்று கேட்டு, உளவியலாளர் வித்யா தினகரனிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மாணவராக உட்கார்ந்தார். தலைமையாசிரியர்களுக்கு அதைவிடவா கௌரவம் குறைந்துவிடப் போகிறது?

2021 ஜூன் 7ஆம் தேதி ஆணை வந்தது. ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை. மீறும் மருத்துவரின் உரிமத்தில் கைவைக்கலாம். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990ல். ஆக, "நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று பெற்றோருக்கு யோசனை சொல்லும் ஆசிரியர், அந்த டாக்டரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடுகிறார்.

அந்த ஆணையில் பள்ளிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பாடத்திட்டத்தில் மாற்றம், இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் நியமனம், எல்லாரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் பெற்றோருக்கு விளக்கம். கழிப்பறையை அலட்சியமாக நினைக்காதீர்கள். நடை உடையால் கேலிக்கு ஆளாகும் பையன், ஆண்கள் கழிப்பறைக்குள் தனியாக மாட்டிக்கொள்ளப் பயந்து, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பான். கடல் உப்புக் காற்றடிக்கும் ஊரில், சித்திரை வெயிலில்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் இறக்குமதி, நம் ஊரில் ஏது?" என்று சிலர் சொல்வதுண்டு. பழவேற்காட்டுக்காரர்கள் அதைச் சொல்லக் கூடாது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லைத் தினமும் கடந்து போகிறீர்கள். 1613ல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டிய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1644ல் பட்டேவியாவில் தன் உயர் அதிகாரி யோஸ்ட் ஸ்கவுட்டனை ஆண்களோடு உறவு வைத்த குற்றத்துக்காகக் கொன்று எரித்தது. ஆங்கிலேயர் 1860ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவை எழுதினார்கள். கப்பலில் வந்து இறங்கியது அந்தத் தண்டனைதான். டச்சுக்காரர்களின் அதே நெதர்லாந்து 2001 ஏப்ரல் 1ஆம் தேதி உலகிலேயே முதல் நாடாக ஒருபால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி 377லிருந்து வயதுவந்தோரின் விருப்ப உறவை விடுவித்தது.

தலைக்கட்டு விஷயத்துக்கு வருவோம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. அதனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வழி இப்போதைக்கு இல்லை. ஆனால் 2025 மே 22ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, பெற்றோர் பிடியில் அடைபட்டிருந்த ஒரு பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொல்லியிருக்கிறது. இதைக் கிராமத்தார் கவனிக்க வேண்டும். கல்யாணம் ஆகாத ஆண், துணை இல்லாத பெண், திருநங்கை இவர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று ஊர் உட்கார்ந்து பேசலாம். இறால் குறைந்தபோதும் முகத்துவாரம் தூர்ந்தபோதும் ஏரியின் முறைகளை மாற்றிப் பேசிக்கொண்ட ஊர்கள்தானே இவை.

கடைசியாக ஆசிரியர்களுக்கும் அருட்தந்தையர், அருட்சகோதரியருக்கும். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்று தொடங்கினால் முழுவதையும் கேளுங்கள். சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். எப்போது, யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அடி, மிரட்டல், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்யுங்கள், அதையும் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் வெளியே சொல்லாத மரபு உங்களுடையது; ரகசியம் காப்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெபித்தால் மாறிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஜெபித்தும் மாறாதபோது தன்னைக் கடவுளும் கைவிட்டார் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்வான். வகுப்பில் பட்டப்பெயர் கேட்டால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் கழிப்பறைச் சுவர் உட்படப் பிள்ளைகள் தனியாகப் பார்க்கக்கூடிய இடங்களில் எழுதி வையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். உயர் நீதிமன்றம் 2021ல் சொன்ன விளக்கத்தை அந்தக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லித் தலைமையாசிரியருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.